பாளைமேல் ஒரு போர்க்கப்பல்

2000 ஜனவரி 1. விடியப் போகிறது. புது ஆயிரமாண்டின் முதல் சூரியனை இந்தியாவில் முதலில் பார்க்கும் பாக்கியம் எந்த ஊருக்கு? கட்சாலுக்கு! மத்திய நிக்கோபாரில், நான்கவுரிக்குப் பக்கத்தில், காடும் தென்னையுமாகத் தன்பாட்டுக்குக் கிடந்த தீவு திடீரென்று தலைப்புச் செய்தியாகிவிட்டது.

தயவுசெய்து ஓர் அட்லஸை எடுங்கள். கட்சாலுக்குத் தெற்கே, சற்றுக் கிழக்கே தள்ளி, கிரேட் நிக்கோபார் இருக்கிறதா? ஜனவரியில் சூரியன் தென்திசைக் கட்சி. ஆகவே தெற்கும் கிழக்குமாக உட்கார்ந்திருக்கும் அந்தத் தீவில்தான் சில நிமிஷம் முன்னாடியே விடியும். போதாக்குறைக்கு, புது ஆயிரமாண்டு பிறப்பது 2001-ல்தான் என்று கணக்கு வாத்தியார்கள் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். தப்பான வருஷம், தப்பான தீவு. ஆனாலும் சூரியன் பெருந்தன்மையாக உதித்து வைத்தது!

நிக்கோபாரின் வரலாறே கிட்டத்தட்ட இப்படித்தான். எங்கிருந்தோ ஒருத்தர் வருவார். ஏதாவது எழுதிவிட்டு, வரைந்துவிட்டு, பெயர் சூட்டிவிட்டுப் போவார். ஓவியம், இசை, எழுத்து மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்று கருத்தரங்குகளில் உருகுவார்களே, அந்தத் 'தூண்டுதல்' மரியாதைக்குச் சொல்வது. நடப்பது கைமாற்று. அதுவும் திருப்பித் தராத கைமாற்று! இதற்கான சாட்சிகள் வியன்னாவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். ஆனால் நூலைப் பிடித்துக்கொண்டே போனால் நிக்கோபார் கடற்கரையில் வந்து முட்டுகிறது.

முதல் வாடிக்கையாளர் நம்ம ஆள். ராஜேந்திர சோழன். சுமார் 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் விட்டபோது ஜெயித்த ஊர்களின் பட்டியலில் 'மாநக்கவாரம்' என்று நிக்கோபாரும் இருக்கிறது. பட்டியல் எங்கே? மெய்க்கீர்த்தியில். அதாவது, கல்வெட்டின் தலைமாட்டில் வரும் அரசு விளம்பரத்தில். ஊருக்கு ஓர் அடைமொழி வீதம் புலவர் தாராளமாக வழங்கியிருக்கிறார். நக்கவாரத்துக்குக் கிடைத்தது தேன் சொட்டும் சோலை. அந்தப் புலவர் கப்பல் ஏறியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எதுகைக்குத் தேன் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான். டூரிஸம் பிரோஷர் எழுதுகிறவர்களுக்கு இவர்தான் குலமுதல்வர்.

சோழர் படை வந்தது, போனது. தமிழர்கள் கட்சாலில் குடித்தனம் வைக்க அதற்குப் பிறகு 900 வருஷத்துக்கு மேல் ஆனது. 1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த லட்சக்கணக்கான பேரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர்களில் சில குடும்பங்களை 1970-களில் கட்சாலின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். காட்டுக்குள் உண்மையிலேயே வாழ்ந்து காட்டியவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு மட்டும் யாரும் மெய்க்கீர்த்தி எழுதவில்லை!

நடுவே டேனிஷ்காரர்கள். தரங்கம்பாடியில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களேதான். அங்கிருந்து கிளம்பிப் போய் 1756 ஜனவரி 1 அன்று (கவனியுங்கள், மறுபடியும் புத்தாண்டு!) நிக்கோபாரைத் தங்கள் காலனியாக்கினார்கள். பிறகு தங்கள் ராஜா ஃபிரெடரிக்கின் பெயரைச் சூட்டினார்கள். குடியேறினார்கள். மலேரியா வந்தது. செத்தார்கள். திரும்ப ஆள் அனுப்பினார்கள். திரும்ப மலேரியா. கொசுவுக்கு ஃபிரெடரிக் யாரென்று தெரியவில்லை போலிருக்கிறது.

'டேனிஷ்காரன் கிளம்பிவிட்டான், இடம் காலி' என்று 1778-ல் ஆஸ்திரியா ஒரு கப்பலை அனுப்பிக் கொடி நட்டது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் போல்ட்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, அதைத் திட்டிப் புத்தகமே எழுதிய ஆசாமி. சில வருஷத்தில் ஆஸ்திரியக் காலனியும் காலி. ஆனால் வியன்னாவில் ஓர் ஏக்கம் மட்டும் தங்கிவிட்டது. அந்த ஏக்கம்தான் 80 வருஷம் கழித்து ஓர் ஓவியரோடு திரும்பி வந்தது.

அதற்கு முன், தீவுக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா இல்லை, கூர்மையாக. வந்துபோன கப்பல் கேப்டன்களின் பெயர்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். தேங்காய் வாங்கக் கரையேறும் மாலுமியிடம் இடுப்புத் துணியோடு ஒருவர் கம்பீரமாக வந்து 'லார்டு நெல்சன்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துக் குறிப்பு எழுதினார்கள். தன் ராஜா பெயரை அடுத்தவன் தீவுக்கு வைத்தால் சரித்திரம். அடுத்தவன் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டால் காமெடியா? என்ன நியாயம் இது!

தொப்பி வேறு. உயரமான பட்டுத் தொப்பிமீது நிக்கோபாரியருக்கு அப்படி ஒரு பிரியம். கல்கத்தா கனவான்கள் கழித்துக்கட்டிய தொப்பிகள் கப்பலேறிப் போய்த் தேங்காயாகத் திரும்பி வந்தன. யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது, உங்களுக்குத் தொப்பி பிடிக்குமா, தேங்காய் பிடிக்குமா என்பதைப் பொறுத்தது.

இனி முக்கியமான விஷயம். நான்கவுரி வட்டாரத் தீவுகளில் 'ஹென்தா' என்று ஓர் ஓவியம் உண்டு. கமுகம் பாளையை விரித்துக் காயவைத்தோ, பலகையிலோ வரைவார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் 'மென்லுவானா' வருவார். வைத்தியர், பூசாரி, நடிகர், பாடகர் எல்லாம் ஒரே ஆள். ஆவியின் சேட்டை என்று கண்டுபிடித்து, இன்ன படம், இன்ன மரச் சிற்பம் தயார் செய்யுங்கள் என்பார். படம் வீட்டில் தொங்கும். அவர் பாடுவார், ஆடுவார், ஆவியோடு மல்லுக்கட்டுவார். கெட்ட ஆவி மிரண்டு ஓட வேண்டும், நல்ல ஆவி சந்தோஷப்பட வேண்டும். படமும் பாட்டும் தனித்தனித் துறை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

படத்தில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? நடுவில் கடவுள். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன பெயரில் 'தெவுசே'. உடை? தொப்பி, கோட்டு, அசல் கப்பல் கேப்டன்! சுற்றிலும் சூரியன், சந்திரன், மீன், தென்னை. கூடவே பாய்மரக் கப்பல், தொலைநோக்கி, கடிகாரம், நாற்காலி, மேஜை. அப்போது சந்தையில் இருந்த லேட்டஸ்ட் சரக்கு அத்தனையும். கடவுள் என்றால் எல்லாம் வைத்திருக்க வேண்டாமா?

இதிலே எனக்கு மிகவும் பிடித்தது, வேலை செய்யாத படைப்பைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்பதுதான். நோயாளி எழுந்து உட்காரவில்லையா, சிற்பம் குப்பைக்கு. கலை விமரிசனத்தில் இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் இதை அமல்படுத்தினால் எத்தனை நினைவு மண்டபம் மிஞ்சும்?

பக்கத்து அந்தமானில் நிலைமை இன்னும் கறார். 1906-லிருந்து 1908 வரை அங்கே சுற்றிய மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் எழுதி வைத்திருக்கிறார்: ஒவ்வோர் ஆளும் தன் பாட்டைத் தானே கட்டுவான், நடனத்தில் அடுத்தவன் பாட்டை யாரும் பாட மாட்டார்கள். ரீமிக்ஸ் இல்லை, கவர் வெர்ஷன் இல்லை, ராயல்டி வழக்கும் இல்லை. 'கலைகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன' என்று அவர்களிடம் போய்ச் சொல்லியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

வெனிஸில் ஆஸ்திரியர்கள் கட்டத் தொடங்கிய ஒரு போர்க்கப்பல். 1848-ல் வெனிஸ் புரட்சிக்காரர்கள் அதைப் பிடித்து 'இத்தாலியா' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே ஊரை மீட்ட ஆஸ்திரியர்கள் வன்மமாக யோசித்து, இத்தாலியர்களைத் தாங்கள் நொறுக்கிய ஒரு போர்க்களத்தின் பெயரைச் சூட்டினார்கள். 'நோவாரா'. நொறுக்கியவர் ராடெட்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 82!

இந்த ராடெட்ஸ்கி ஏற்கெனவே ஒரு பாட்டாகிவிட்டிருந்தார். 1848-ல் குஸ்டோஸா என்ற இடத்தில் அவர் ஜெயித்ததற்கு, மூத்த யோஹான் ஸ்ட்ராஸ் ஒரு மார்ச் இசையமைத்தார். வியன்னாவில் புத்தாண்டுக் கச்சேரியின் முடிவில் கோட்டு போட்ட கூட்டம் தாளத்துக்குக் கை தட்டுமே, அதுதான். (அதே 1848-ல் ஸ்ட்ராஸின் மகன், இளைய ஸ்ட்ராஸ், எதிர்க்கட்சியில் சேர்ந்து புரட்சிக்கு மார்ச் எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவும் பிள்ளையும் சந்தித்தால் என்ன பேசியிருப்பார்கள்!) இன்று அந்த அரங்கில் கை தட்டுகிறவர்களை நிறுத்தி, குஸ்டோஸாவில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தாளம் மட்டும் தெரியும்.

மார்ச்சிலிருந்து ஒரு நாவல் பிறந்தது. 1932-ல் ஜோசப் ரோத் எழுதிய 'ராடெட்ஸ்கி மார்ச்'. அதில் ஒரு காட்சிக்காகவே புத்தகத்தை வாங்கலாம். போர்க்களத்தில் சக்கரவர்த்தியைக் காப்பாற்றிய சாதாரண அதிகாரி ஒருவர், தன் செயலைப் பள்ளிப் பாடப்புத்தகம் ஊதிப் பெருக்கி எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'இது பொய்' என்று சக்கரவர்த்தியிடமே முறையிடப் போகிறார். மெய்க்கீர்த்தியில் தன் பெயர் வந்ததற்குக் கோபித்துக்கொண்ட சோழத் தளபதி யாராவது உண்டா, சொல்லுங்கள்.

இப்படிப் பாட்டும் போருமாகப் பெயர் வாங்கிய நோவாராதான் 1857-ல் உலகத்தைச் சுற்றக் கிளம்பியது. விஞ்ஞானிகள் உண்டு, பயணக் கதை எழுத கார்ல் வான் ஷெர்ஸர் உண்டு, படம் வரைய ஜோசப் செலெனி உண்டு. வயதான இயற்கை விஞ்ஞானி ஹம்போல்ட் உட்கார்ந்து அறிவுரைக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். இலங்கை, சென்னை எல்லாம் பார்த்துவிட்டு 1858 பிப்ரவரியில் நிக்கோபார் வந்து, கட்சாலின் பக்கத்து வீடான நான்கவுரித் துறைமுகத்திலும் நங்கூரம் போட்டது. பழைய காலனி ஏக்கம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். கப்பலின் ஓவியர் கரையில் உட்கார்ந்து தென்னையையும் தூண்மேல் நிற்கும் குடிசைகளையும் நிக்கோபாரியரையும் பயபக்தியோடு வரைந்து தள்ளுகிறார். அந்தக் குடிசைகளுக்குள் தொங்கும் பாளைகளில் ஏற்கெனவே கப்பல் வரைந்தாகிவிட்டது! 'அபூர்வமான அந்நியர்களைக் கண்டுபிடித்தோம்' என்று இரண்டு தரப்பும் நினைத்துக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு தரப்பின் படங்களுக்குத்தான் வியன்னாவில் தங்கச் சட்டம் கிடைத்தது.

'பாவம், கப்பல் படத்தை வீட்டில் மாட்டினால் நோய் ஓடிவிடும் என்று நம்பும் அப்பாவிகள்' என்று நினைக்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம். இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த பெரிய மனிதர் யார் தெரியுமா? ஆஸ்திரியக் கடற்படைத் தலைவர், சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசப்பின் தம்பி, இளவரசர் மாக்சிமிலியன். அவர் டிரியெஸ்ட் பக்கத்தில் மிராமாரே என்று கடலோரம் ஓர் அரண்மனை கட்டினார். அதில் தன் படுக்கையறையையும் படிப்பறையையும் எப்படி அமைத்தார்? நோவாரா கப்பலின் கேபின் மாதிரியே! நிக்கோபாரியர் நோய்க்காகப் பாளையில் கப்பல் வரைந்தார்கள். இவர் ஆரோக்கியமாக இருக்கும்போதே கப்பலுக்குள் படுத்துத் தூங்கினார், தரையில்.

மாக்சிமிலியனை நினைத்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். நல்ல ரசிகர். வண்ணத்துப்பூச்சி, செடி கொடி, கவிதை என்று பொழுது போக்கியிருந்தால் நிம்மதியாகக் கிழவராகியிருப்பார். ஆனால் 'மெக்ஸிகோவுக்கு சக்கரவர்த்தி வேண்டும்' என்று பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன் ஆசை காட்டினார். மெக்ஸிகோ மக்களுக்கு அப்படி ஒரு தேவை இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே ஹுவாரெஸ் என்று ஒரு ஜனாதிபதி இருந்தார். மாக்சிமிலியன் 1864-ல் கிளம்பினார். எந்தக் கப்பலில்? நோவாராவில்தான்!

போகிற நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. கடல் பயணத்தில் அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? ராணுவத் திட்டமா, நிதிநிலைக் கணக்கா? அரண்மனையில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் எப்படி வணங்க வேண்டும் என்று தர்பார் ஒழுங்குமுறைக்குப் பெரிய புத்தகம் எழுதிக்கொண்டே போனார். எந்த ராஜாவுக்கும் எழுத்தார்வம் வரலாம். நேரம் முக்கியம்.

மூன்று வருஷம். பிரெஞ்சுப் படை கையை உதறிவிட்டுக் கிளம்பியது. 1867 ஜூன் 19, கெரெத்தாரோ நகரத்தில் மாக்சிமிலியனைத் துப்பாக்கிப் படை முன்னால் நிறுத்தினார்கள். சிப்பாய்களுக்குத் தங்கக் காசு கொடுத்து 'முகத்தில் சுடாதீர்கள்' என்றாராம். மனிதர் கடைசிவரை அழகுணர்ச்சியை விடவில்லை.

இனிமேல்தான் கைமாற்று வேலை மும்முரமாகிறது.

செய்தித்தாள்களில் செய்தியைப் படித்த பாரிஸ் ஓவியர் எதுவார் மானே கொதித்துப்போய்த் தூரிகையை எடுத்தார். எழுத்திலிருந்து ஓவியம். ஆனால் சுட்டதை எப்படி வரைவது? ஸ்பெயினின் கோயா ஏற்கெனவே வரைந்துவிட்டார், 1808 மே 3 படுகொலையை. 1865-ல் மாட்ரிட் போனபோது கோயாவின் கைவேலையை மானே கண் குளிரப் பார்த்திருந்தார். அந்த அமைப்பை அப்படியே உருவிக்கொண்டார். ஓவியத்திலிருந்து ஓவியம். சுடுகிற சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு ராணுவச் சாயலில் உடுப்பு மாட்டிவிட்டார். குற்றவாளி யார் என்று பாரிஸில் எல்லோருக்கும் புரிந்தது. தணிக்கைக்காரர்களுக்கும் புரிந்தது. அந்தக் காட்சியின் அச்சுப்படத்துக்குத் தடை!

தடையைப் பற்றி எழுத்தாளர் எமில் ஜோலா பத்திரிகையில் கிண்டலாக எழுதினார். ஓவியத்திலிருந்து மறுபடி எழுத்து. ஜோலா ஏன் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்? ஏற்கெனவே மானேயைப் புகழ்ந்து எழுதியவர். அதற்கு நன்றியாக 1868-ல் மானே அவரை உருவப்படமாக வரைந்தார். அந்தப் படத்தில் எழுத்தாளரின் மேஜையைப் பாருங்கள். பளிச்சென்று ஒரு புத்தகம். ஜோலா எழுதிய நாவலா? இல்லை, மானேயைப் பற்றி ஜோலா எழுதிய சிறுநூல்! அட்டையில் தெரியும் 'மானே' என்ற பெயரே ஓவியரின் கையெழுத்துக்குப் பதில். நீ என் முதுகைச் சொறி, நான் உன் முதுகை... என்பதற்கு இதைவிட நேர்த்தியான ஓவியம் கிடையாது.

இசை சும்மா இருக்குமா? பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் மாக்சிமிலியன் நினைவாக ஒரு சவ ஊர்வல மார்ச் எழுதினார். சுடப்பட்டதற்குச் சரியாக 11 நாள் முன்பு, ஜூன் 8 அன்று, ஃபிரான்ஸ் ஜோசப் ஹங்கேரி ராஜாவாக முடிசூடினார். அந்த விழாவுக்கு இசை யார்? அதே லிஸ்ட். அண்ணனுக்கு மங்கள இசை, தம்பிக்கு ஒப்பாரி. ஒரே குடும்பத்தில் இரண்டு ஆர்டர்!

மெக்ஸிகோவில் இன்னொரு கதை உலவியது. சாகும்போது மாக்சிமிலியன் 'லா பலோமா' பாட்டை வாசிக்கச் சொன்னாராம். கட்டுக்கதை வாசனைதான் அடிக்கிறது, ஆனால் பாட்டு உலகம் சுற்றியது. அந்தப் பாட்டைக் கட்டியவர் இராதியர் என்ற ஸ்பானியர். அவருடைய வேறொரு மெட்டை 'ஏதோ நாட்டுப்பாடல்' என்று நினைத்து பிஸே தன் 'கார்மென்' ஓபராவில் தூக்கிப் போட்டுக்கொண்டார். (கார்மென் கதையே மெரிமே எழுதிய குறுநாவலிலிருந்து எடுத்தது என்பதை மறக்க வேண்டாம்.) பிறகு சங்கதி தெரிந்து, இசைப் பிரதியில் ஒரு குறிப்புப் போட்டுச் சமாளித்தார். இராதியர் சண்டைக்கு வரவில்லை. பத்து வருஷம் முன்பே இறந்துவிட்டிருந்தார்.

மாக்சிமிலியனின் உடலை மெக்ஸிகோவிலிருந்து எடுத்து வந்தது எந்தக் கப்பல் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆம், நோவாரா.

பாளை ஓவியங்கள் என்ன ஆயின? நிக்கோபாரை 1868-ல் டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அடுத்த வருஷம் கொடி மாறியது. அங்கே அதிகாரியாக இருந்த எட்வர்டு ஹொரேஸ் மேன் ஹென்தாக்களையும் சிற்பங்களையும் சேகரித்து இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார். கேலி செய்யாமல், பொறுமையாகக் கேட்டு எழுதி வைத்த மனிதர். அவரை நான் சீண்ட மாட்டேன். ஆனால் ஆவியை விரட்டப் பாட்டோடு சேர்ந்து வேலை செய்த படம், கண்ணாடிப் பெட்டிக்குள் பாட்டு இல்லாமல் தனியாக நிற்கிறது. கீழே ஒரு சீட்டு: இடம், பொருள், சேகரித்தவர் பெயர். வரைந்தவர் பெயரை அந்தக் காலத்தில் யாரும் கேட்டு எழுதவில்லை. 2004 சுனாமியில் கட்சாலின் கடலோர ஊர்கள் அழிந்தன. எத்தனையோ உயிர்களும், வீடுகளோடு வீட்டுப் பொருள்களும் போயின. அந்த இடத்தில் எனக்குத் தமாஷ் வரவில்லை.

நோவாராவின் ஓவியர் செலெனி கதை வேறு. ஊர் திரும்பியதும் வியன்னா நகரசபை தன் பெரிய பூங்காவுக்குத் திட்டம் போட்டுத் தரச் சொன்னது. 1862-ல் திறந்தார்கள். அந்தப் பூங்காவில் இன்று எல்லோரும் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது தங்க முலாம் பூசிய ஒரு சிலையோடு. வயலினும் கையுமாக நிற்கும் யோஹான் ஸ்ட்ராஸ், ராடெட்ஸ்கி மார்ச் போட்டவரின் மகன், புரட்சிக்காரர் பக்கம் நின்றாரே, அவரேதான்!

வியன்னா போகும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்க ஸ்ட்ராஸோடு தாராளமாக செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே சுற்றியிருக்கிற மரங்களையும் பாதைகளையும் ஒரு கிளிக் எடுங்கள். இதற்குப் படம் போட்டவர் கட்சாலுக்குப் பக்கத்தில் தென்னை மரம் வரைந்தவர் என்று கைடுக்குச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.